கணேசனுக்கு, புரூக்ளின் பாலத்தைப் பற்றி

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி அறுவை சிகிச்சை முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போடு. நான் இங்கே மகள் வீட்டில் நலம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது.

நியூயார்க்கில் என்ன பார்த்தாய், விவரமாக எழுது என்று கேட்டிருந்தாய். சுதந்திர தேவி சிலை, எம்பயர் ஸ்டேட் கட்டடம் எல்லாம் ஒரு முறை பார்த்ததோடு சரி. புரூக்ளின் பாலத்துக்கு மட்டும் மூன்று தடவை போய்விட்டேன். பாலம் கட்டியே காலம் கழித்த உனக்கு எழுத வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

1883இல் திறந்த பாலம், ஆற்றின் இரு கரையில் இருக்கும் புரூக்ளினையும் மன்ஹாட்டனையும் இணைக்கிறது. இரண்டு கல் கோபுரங்களுக்கு நடுவில் 1,595 அடி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான தொங்கு பாலம் அதுதான். வண்டிகள் கீழே ஓடுகின்றன. நடப்பவர்களுக்கு அதற்கும் மேலே தனிப்பாதை. நகரத்து நெரிசலில் மூச்சு முட்டுகிறவர்கள் காற்று வாங்க வேண்டும் என்று, பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங் யோசித்து வைத்தது. ஜெர்மனியிலிருந்து வந்தவர். 1869இல் அவர் படகுத்துறையில் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, கரைக்கு வந்த படகு காலை நசுக்கிவிட்டது. டெட்டனஸ் வந்து ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார். வேலை 32 வயது மகன் வாஷிங்டன் தலையில் விழுந்தது.

கடைக்கால் போட்ட கதையைக் கேள். நாம் பாலத் தூணுக்கு ஆற்றில் கிணறு இறக்குவோமே, அந்த மாதிரிதான். ஆனால் இது அடிப்பாகம் இல்லாத பிரம்மாண்டமான மரப்பெட்டி. அதை ஆற்றில் இறக்கி, உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியே தள்ளினார்கள். மேலே கோபுரத்தின் கல் வரிசை ஏற ஏற, உள்ளே ஆட்கள் மண்ணைத் தோண்டத் தோண்ட, பெட்டி கீழே இறங்கியது. அந்தக் காற்றில் பேச்சுக் குரல் கீச்சென்று மாறிவிடுமாம். விசிலடிக்க முடியாதாம். ஊதி அணைத்த மெழுகுவத்தி தானே மறுபடி பற்றிக்கொள்ளுமாம்.

புரூக்ளின் பக்கம் சுமார் 44 அடியில் நின்றது. மன்ஹாட்டன் பக்கம் 70 அடி தாண்டியும் பாறை தட்டுப்படவில்லை. ஆழம் கூடக் கூட, மேலே ஏறி வந்த ஆட்கள் மூட்டு வலியில் துடித்து விழுந்தார்கள். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், ஆள் சட்டென்று வெளியே வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகிவிடுகிறது. அன்றைக்கு அங்கே இது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. சிலர் இறந்தே போனார்கள். வாஷிங்டன் 78 அடியில் தோண்டுவதை நிறுத்தினார். பாறையைத் தொடாமல், இறுகிக் கிடந்த மணல் படிவத்தின் மேலேயே கோபுரத்தை உட்கார வைத்தார். அந்த முடிவை எடுத்த இரவு அவர் தூங்கியிருப்பாரா என்று நினைத்துப் பார்த்தேன். இன்றுவரை அது அங்கேயே நிற்கிறது.

அதே நோய் அவரையும் படுக்க வைத்தது. அப்புறம் வேலை நடந்த இடத்துக்கே அவரால் வர முடியவில்லை. வீட்டு ஜன்னலில் இருந்து தொலைநோக்கியில் பாலம் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி எமிலிதான் அவர் சொல்வதை எழுதி எடுத்துக்கொண்டு தினமும் போனார். உயர் கணிதம், பாலத்தைத் தாங்கும் வடங்களின் வளைவுக் கணக்கு, பொருள்களின் வலிமை எல்லாம் கற்றுக்கொண்டு, பொறியாளர்கள் கேட்ட கேள்விக்கு நேருக்கு நேர் பதில் சொன்னார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பத்து வருடத்துக்கு மேல். பாலத்தை முதலில் கடந்தவரும் அவர்தான். வண்டியில், வெற்றிக்கு அடையாளமாக ஒரு சேவலோடு. கோபுரத்தில் அவர் பெயருக்கு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். முதல் தடவை போனபோது அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் தடவை தேடிப் போய்ப் படித்தேன்.

உனக்கென்றே வைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். வடத்துக்குக் கம்பி கொடுத்த லாய்ட் ஹெய்க் என்பவர் மோசடி செய்தார். சோதனையில் தேறிய நல்ல கம்பிச் சுருளை வழியில் இறக்கிக்கொண்டு, தேறாத சுருளை வண்டியில் ஏற்றி அனுப்புவார். நல்ல சுருள் மறுபடி சோதனைக்குப் போகும். 1878இல் குட்டு வெளிப்பட்டபோது, கெட்ட கம்பி ஏற்கெனவே வடத்துக்குள் போய்விட்டது. உருவி எடுக்க வழியில்லை. ஆனால் வாஷிங்டன் தேவைக்கு ஆறு மடங்கு பலம் வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார். கெட்ட கம்பியைக் கழித்தாலும் ஐந்து மடங்கு மிஞ்சும் என்று கண்டு, ஒவ்வொரு வடத்திலும் 150 கம்பி கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார்; செலவு ஹெய்க்குடையது. அந்தக் கெட்ட கம்பி இன்றும் உள்ளேதான் இருக்கிறது.

பாலத்தின் நடுவில் வடம் நடைபாதைக்குப் பக்கத்திலேயே தாழ்ந்து வருகிறது. கையை வைத்துப் பார்த்தேன். வண்டி போகும் அதிர்வு விரலில் தெரிந்தது. ஆற்றங்கரையில் நீ மணல் லோடை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, மண் கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினாயே, அந்தக் காலை ஞாபகம் வந்தது. ஒப்பந்தக்காரர் போட்ட சத்தம், இரண்டே வாரத்தில் உனக்கு வந்த மாறுதல் உத்தரவு, எல்லாம்தான். அன்றைக்கு உன் பக்கத்தில் நின்றும் நான் வாய் திறக்கவில்லை, கணேசா. இத்தனை வருடம் கழித்து அதை உன்னிடம் சொல்லத்தான் மூன்றாம் தடவை போய்விட்டு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். படங்களைப் பெரிதாகப் பிரதி போட்டு எடுத்து வருகிறேன், கண்ணாடி போடாமலேயே பார்க்கலாம். தங்கச்சியிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ராமு