கடுகு நாற்றுக்கு ஹார்மோன்: முன்பே கொடு

அன்புள்ள சேகர்,

நலம். மகளுக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைத்தது கேட்டு மனம் நிறைந்தது. என் வாழ்த்தைச் சொல்.

இமிடாகுளோபிரிட் பூச்சிக்கொல்லி கலந்த மண்ணில் வெளுத்த கடுகு நாற்றுக்கு பிராசினோலைடு என்ற தாவர வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்தும் தேறவில்லை என்று எழுதியிருந்தாய். கொடுத்த நேரம்தான் பிசகு. அது நஞ்சுமுறி மருந்தன்று. குளுட்டாதயோன் டிரான்ஸ்ஃபெரேஸ், பெராக்சிடேஸ் என்று செடியிடம் ஏற்கெனவே உள்ள நொதிகளை அது கூட்டுகிறது. பூச்சிக்கொல்லியைச் சிதைத்து ஒதுக்குவது அந்த நொதிகள். அவை சேர அவகாசம் வேண்டும். பச்சையம் குலைந்து, செல்சவ்வு கசியத் தொடங்கிய பிறகு கொடுத்தால் நொதி உண்டாக்கும் தெம்பு செல்லுக்கு இராது. அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகத்தில் கடுகு விதையையே 24-எபிபிராசினோலைடில் (அதே ஹார்மோன் வகை) ஊறவைத்தது இதனால்தான். சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் வெள்ளரி இலைக்குக் கொடுத்தார்கள். அங்கும் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லிக்கு முன்பே. செடியில் அதன் எச்சமும் குறைந்தது.

இரு இடத்திலும் ஹார்மோனின் செறிவு 0.1 மைக்ரோமோலார், அதாவது லிட்டருக்குச் சுமார் 0.05 மி.கி. எபிபிராசினோலைடு தூள் நேரே தண்ணீரில் கரையாது. 1 மி.கி. தூளை 2 மி.லி. எத்தனாலில் கரைத்து, அதில் 0.1 மி.லி. மட்டும் 1 லிட்டர் நீரில் விடு. கடையில் விற்கும் 0.04 சதவீத ஹோமோபிராசினோலைடு (இதுவும் அதே வகை) கரைசல் என்றால் 8 லிட்டருக்கு 1 மி.லி. தயவுசெய்து அளவை ஏற்றிவிடாதே, மிஞ்சினால் வேர் நீளாமல் குறுகிப்போகும், அதைப் பூச்சிக்கொல்லியின் பாதிப்பு என்று நினைத்துவிடுவாய்.

விதை 8 மணி நேரம் ஊறியதும் வடித்து, நிழலில் மெல்லிசாகப் பரப்பி உலர்த்து. விதைநேர்த்தியும் செய்வதானால் ஹார்மோன் முதலில், பூச்சிக்கொல்லிப் பூச்சு கடைசியில். பூசிய விதையை ஊறப்போட்டால் பூச்சு நீரில் கழன்றுவிடும். நாற்று செழிப்பது ஹார்மோனாலா, பூச்சிக்கொல்லி குறைந்ததாலா என்று பிரித்தறிய முடியாது.

ஒப்பீட்டுத் தொட்டிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹார்மோன் மட்டும், பூச்சிக்கொல்லி மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாதது. ஹார்மோன் சேராத தொட்டிகளின் விதையை அதே அளவு எத்தனால் கலந்த நீரில் ஊறவை. வேர்நீளம், பச்சையம், மாலோன்டையால்டிஹைடு மூன்றையும் அள. சவ்வுச் சிதைவைக் காட்டுவது கடைசியது.

எனக்கு ஒரு கவலை உண்டு. செடி பூச்சிக்கொல்லியை வேகமாகச் சிதைத்தால், அசுவினியிடமிருந்து கிடைக்கும் காப்பும் சீக்கிரம் தீர்ந்துபோகலாம். நாற்று பசுமையாக இருப்பதை மட்டும் பார்த்து உழவரிடம் பரிந்துரைத்துவிடக் கூடாது. வாரந்தோறும் செடிக்கு எத்தனை அசுவினி என்று எண்ணி, அந்தக் கணக்கையும் அனுப்பு.

அன்புடன்,
முரளி