அந்த பெப்டைடு டப்பா பத்தி கேட்டியே

என்னடி, எப்படி இருக்க? உன் மெசேஜ் வந்து ரெண்டு வாரம் ஆகுது, இன்னிக்கு எழுதலாம் நாளைக்கு எழுதலாம்னு தள்ளிக்கிட்டே வந்துட்டேன், கோவிச்சுக்காத. பையன் ஹாஸ்டல் போனதுல வீடே வெறிச்சுன்னு இருக்குன்னு எழுதியிருந்த, இங்கயும் அதே கதைதான், எனக்கு லேப் இருக்கறதால பகல் மட்டும் ஓடிடுது.

சரி, உனக்கு யாரோ குடுத்த அந்த டப்பா விஷயம். தாவர பெப்டைடு, ஆன்டிஆக்ஸிடன்ட் பவர், அதாவது ஆக்ஸிஜன் பட்டு கெடறத தடுக்கற சக்தி, ஜாஸ்தின்னு போட்டிருக்கு, குடிச்சா வயசு தெரியாதான்னு கேட்ட பாரு, சிரிச்சுட்டேன். சயின்ஸ் ஒண்ணும் பொய் இல்லடி, நானே அதுலதான் குப்பை கொட்றேன். ஆனா அவங்க போடற நம்பர் டெஸ்ட் டியூப்ல வந்தது, உன் உடம்புல நடக்கறது வேற.

எப்படி செய்யறோம்னு சொல்றேன் கேளு. சோயாவோ பட்டாணியோ, அதோட புரோட்டீன தண்ணில கரைச்சு 50 டிகிரி சூட்டுல வச்சு அல்கலேஸ்னு ஒரு என்சைம் விடுவோம், அது அமினோ அமிலம் கோத்த நீளமான சங்கிலிய துண்டு துண்டா வெட்டும், அந்த துண்டுதான் பெப்டைடு. வெட்ட வெட்ட பிஹெச் இறங்கிக்கிட்டே வரும், அதாவது அமிலத்தன்மை ஏறும், சொட்டு சொட்டா காஸ்டிக் சோடா விட்டு 8லயே நிறுத்தி வைக்கணும், எவ்வளவு காஸ்டிக் உள்ள போச்சோ அத வச்சே எவ்வளவு வெட்டியிருக்குன்னு கணக்கு போட்டுடலாம். மொதல்ல சொட்டு மடமடன்னு விழும், அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒண்ணுன்னு ஆயிடும், எனக்கு அத பாத்துக்கிட்டே உக்காந்திருக்க பிடிக்கும். கடைசில 90 டிகிரிக்கு ஏத்தி என்சைம கொன்னுடுவோம். பவுடர் கசக்குதுன்னு எழுதியிருந்தியே, அது கெட்டுப்போனதால இருக்காது, புரோட்டீனுக்குள்ள மடிஞ்சு ஒளிஞ்சிருந்த தண்ணி ஒட்டாத அமினோ அமிலமெல்லாம் வெட்டினதும் வெளிய வந்துடும், நாக்குல கசப்பா தெரியறது அதுதான்.

துண்டுல எது வேலை செய்யுதுன்னா டைரோசின், டிரிப்டோபன், ஹிஸ்டிடின், சிஸ்டீன்ங்கற அமினோ அமிலங்கதான் முக்கியமா. 1995ல ஜப்பான்காரங்க சோயா புரோட்டீன்லேர்ந்து லியூசின்-லியூசின்-புரோலின்-ஹிஸ்டிடின்-ஹிஸ்டிடின்னு அஞ்சே அமினோ அமிலம் இருக்கற ஒரு துண்ட பிரிச்சாங்க, அடுத்த வருஷம் அதே மாதிரி நிறைய செஞ்சு பாத்தாங்க. கடைசி ஹிஸ்டிடின எடுத்தா பவர் கொறையுது, முன்னாடி இருக்கற லியூசின எடுத்தா ஒண்ணும் ஆகல. எத்தனை தடவை படிச்சாலும் அழகா இருக்கற வேலை அது.

இப்ப டெஸ்டுக்கு வா. நெறைய பேர் பண்றது டிபிபிஹெச்னு ஒரு கெமிக்கல வச்சு பண்ற டெஸ்ட், 1958லேர்ந்து நடக்குது. கரும் ஊதா கலர் கரைசல், ஆன்டிஆக்ஸிடன்ட் விட்டா மஞ்சளா வெளுத்துடும், 517 நானோமீட்டர்ல அளந்துட்டா முடிஞ்சுது. பாக்க ஜோரா இருக்கும். ஆனா அந்த ஊதா சமாச்சாரம் உன் உடம்புல எங்கயுமே கிடையாது! அதோட அது ஆல்கஹால்லதான் கரையும், பெப்டைடு பாதி ஆல்கஹால்ல கரையாம கலங்கிடும், கலங்கினா மெஷின் அதையும் கலர்னு நெனச்சுக்கும். நான் சேர்ந்த புதுசுல சாம்பிள் பிளாங்க், அதாவது ஊதா சேர்க்காம வெறும் சாம்பிள மட்டும் அளந்து கழிக்கறது, அத வைக்காம விட்டுட்டு ரெண்டு மாசம் என்சைம திட்டிக்கிட்டு இருந்தேன், தப்பு பூரா என்னுது.

இன்னொரு கூத்து, சூரியகாந்தி புண்ணாக்குலேர்ந்து புரோட்டீன் எடுக்கும்போது பிஹெச் ஏறி காரத்தன்மை ஜாஸ்தி ஆச்சுன்னா பச்சையா மாறிடும், அதுல இருக்கற குளோரோஜெனிக் அமிலம் பண்ற வேலை. அதுவே நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட், புரோட்டீனோட ஒட்டிக்கிட்டே வரும். அத சரியா கழுவாம அளந்தா உழைச்சது அது, பேர் வாங்கறது பெப்டைடு.

வயித்துக்குள்ள போனா இன்னும் மோசம். பெப்சின், டிரிப்சின், அப்புறம் குடல் சுவர்ல இருக்கற என்சைம்னு ஆளாளுக்கு வெட்டுவாங்க, முழுசா உள்ள போறது பெரும்பாலும் ரெண்டு மூணு அமினோ அமிலம் இருக்கற துண்டுதான், ரத்தத்துல போனதும் அதையும் நிமிஷக்கணக்குல வெட்டிடும். இத்தனைக்கும் உன் செல்லே குளூட்டாதயோன்னு மூணு அமினோ அமிலம் இருக்கற பெப்டைட தானே செஞ்சு கொட்டி வச்சிருக்கு. இந்த மாதிரி நம்பர வச்சு கடைக்காரங்க ஆட்டம் போடறத பாத்துதான் 2012ல அமெரிக்க விவசாயத் துறை, சாப்பாட்டுப் பொருளுக்கெல்லாம் ஆன்டிஆக்ஸிடன்ட் நம்பர் போட்ட ஓஆர்ஏசி பட்டியலையே தூக்கிட்டாங்க.

அப்ப எதுக்குடி இந்த வேலைன்னு கேப்ப. எனக்கு ஆசை எண்ணெய் மேலதான். எண்ணெயும் தண்ணியும் கலந்த பண்டத்துல ரெண்டும் சந்திக்கற எடத்துலதான் மொதல்ல சிக்கு வாடை கிளம்பும், பெப்டைடு சரியா அங்கயே போய் உக்காரும், ஹிஸ்டிடின் இருந்தா இரும்பையும் பிடிச்சு வச்சுக்கும், இரும்பு சும்மா திரிஞ்சாதான் எண்ணெய் சீக்கிரம் கெடும். இங்க டியூப்ல நடக்கறதும் பாட்டில்ல நடக்கறதும் அவ்வளவு தூரம் இல்ல, அதனால நம்பலாம்னு தோணுது.

டப்பாவ தூக்கிப்போடாத, புரோட்டீன்தானே, சோயா அலர்ஜி இருக்கறவங்க மட்டும் தொடாம இருக்கட்டும், வெட்டினதுல அலர்ஜி போயிடும்னு எண்ணிடாத. பின்னாடி சின்ன எழுத்துல எந்த டெஸ்ட்னு போட்டிருந்தா போட்டோ எடுத்து அனுப்பு, டிபிபிஹெச்னு இருக்கும்னு பெட் கட்றேன். முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு, அதப்பத்தி ஒரு வரி கூட எழுதல நீ.