பர்மாக் கணக்கு

அன்புள்ள சொக்கு,

இங்கே எல்லோரும் நலம். மெய்யப்பன் மகள் கல்யாணத்துக்கு நீ வராததில் அவனுக்குக் கோபம், பள்ளத்தூர் சம்பந்திகளிடம் உன் பாயசக் கதையை அவிழ்த்துவிட்டான், இனி நீயாச்சு அவர்களாச்சு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டை விற்கப் பங்காளிகள் பேசுகிறார்கள். இரண்டாம் கட்டு அறையை ஒழித்தபோது ஐயாவின் பர்மாப் பேரேடுகள் கிடைத்தன, அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பர்மாக்காரன் நம் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்று கேட்டுத்தானே வளர்ந்தோம்? இப்போது என்னால் அப்படிச் சொல்ல முடியாது. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் வட்டிக்குக் கொடுத்த நம் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம்தான். நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, 1937-ல் அது 25 சதவீதம். வட்டிக்கடை வைத்தவர்களுக்கு வட்டி வந்திருந்தால் போதும், நிலம் வேண்டியிருக்கவில்லை, ஆனால் நிலத்தை இழந்து குத்தகைக்கு உழுதவனுக்கு அதைச் சொல்லி என்ன பயன்? 1948 ஜனவரியில் சுதந்திரம் பெற்ற அரசு அதே வருஷம் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டதில் நியாயம் இருக்கிறது. நம்மவருக்கு ஒழுங்காக ஈடு கொடுக்காதது அநியாயம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னை உறுத்துவது அப்புறம் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் பாலம், ரயில், சிரியம் எண்ணெய் ஆலை எல்லாம் நொறுங்கிக் கிடந்தன, சுதந்திரம் வந்து ஒரு வருஷம் சொச்சத்துக்குள் கம்யூனிஸ்டுகள், கரேன் இனத்தவர் என்று அடுத்தடுத்து ஆயுதம் எடுத்தார்கள், இதற்கு நடுவே விதைக்கும் மாட்டுக்கும் அறுவடை வரை சோற்றுக்கும் நம்மவர் முன்பணம் தந்துகொண்டிருந்த ஏற்பாடே இல்லாமல் போனது, அரசு கொடுத்த கடனோ போதவில்லை. போருக்கு முன் வருஷத்துக்கு 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த நாடு, அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அந்த அளவை எட்டவில்லை. கொரியப் போரில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியபோதும் அரிசி வாங்கி விற்ற அரசு வாரியம் விவசாயிக்குக் கொடுத்தது குறைந்த விலைதான். மிச்சம் கஜானாவுக்குப் போனது. அந்த வரவு நிற்கும் என்று நம்பி 1952-ல் பெரிய வளர்ச்சித் திட்டம் போட்டார்கள், அரிசி விலை இறங்கியதும் அதைச் சுருக்க வேண்டியதாயிற்று.

நீ வங்கியில் விவசாயக் கடன் பார்த்தவன், அதனால் உன்னைக் கேட்கிறேன்: கையில் காசில்லாத, ஊரெல்லாம் சண்டை நடக்கிற ஒரு புது அரசு, அந்த முதல் நடவுக்கு எங்கிருந்து பணம் புரட்டியிருக்க முடியும்? யோசித்து எழுது, போனில் சொல்லாதே.

ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
அண்ணாமலை