ஜெனரேற்றர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். மாரி தொடங்கிவிட்டது, இனிக் கரண்ட் அடிக்கடி போகும். ஒழுங்கையில் ஜெனரேற்றர் உள்ளவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

1. விறாந்தையிலோ குசினியிலோ ஓடவிடாதீர்கள். மழை என்றாலும் வெளியேதான், பக்கம் திறந்த தகரக் கூரையின் கீழ், ஜன்னலுக்குத் தள்ளி. புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. நித்திரையிலேயே ஆளைக் கொல்லும்.

2. இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேற்றரைச் சுவர்ப் பிளக்கில் செருகுவதை இன்றோடு விடுங்கள். அந்த மின்சாரம் லைனுக்குப் போய், ட்ரான்ஸ்ஃபோமரில் ஆயிரக்கணக்கான வோல்ற்றாக ஏறும். கம்பத்தில் வேலை செய்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே! லைன் கரண்டும் ஜெனரேற்றர் கரண்டும் ஒன்றாகச் சேராமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டுங்கள்.

3. பிறிட்ஜையும் கிணற்று மோட்டரையும் ஒன்றாகப் போடவேண்டாம். தொடங்கும்போது இரண்டும் பல மடங்கு இழுக்கும்.

4. சூடு ஆறாமல் பெற்றோல் ஊற்றாதீர்கள்.

ஞாயிறு மாலை 4 மணிக்கு வாசிகசாலைக்கு வயரிங் செய்பவர் ஒருவர் வருகிறார். சுவிட்ச் பூட்ட விரும்புபவர்கள் வெள்ளிக்கு முன் பதில் போடுங்கள். வெறும் 'சரி' போதாது, ஜெனரேற்றர் எத்தனை வோட்ஸ் என்றும் எழுதுங்கள்.