தீவு நிலமும் மீஞ்சூர்க் கிணறும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தீவு நாடுகளைக் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடல்மட்டம் உயர்ந்தால் மாலத்தீவும் துவாலுவும் கிரிபாட்டியும் என்ன ஆகும் என்பதை அக்கறையோடு விளக்கியிருந்தீர்கள். ஆனால் அந்நாட்டு மண்ணையும் அதற்கு அடியில் நிற்கும் நன்னீரையும் பேணுவது பற்றி ஒரு பத்திகூட இல்லாதது எனக்குப் பெருங்குறையாகவே பட்டது. 1994-இல் பார்படோசில் இந்நாடுகளுக்காக வகுக்கப்பட்ட செயல்திட்டத்திலேயே நிலவளத்துக்கெனத் தனிப் பகுதி உண்டு.

பவளத் தீவுகளில் ஆறு கிடையாது. பெய்த மழை மணலில் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. ஆகவே மேலே ஓரடியை உறிஞ்சிவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறிவிடும். இதை அறிந்துதான் கிரிபாட்டியின் தராவாவில் ஆழக் குழாய் இறக்காமல், துளையிட்ட குழாய்களை மணலுக்குள் கிடையாகப் புதைத்து, மேலாகத் தேங்கும் நீரை மட்டும் எடுக்கிறார்கள். அந்நீருக்கு மேலுள்ள நிலத்தையும் குடியேற்றத்துக்கு விடாமல் நீர்க் காப்பிடமாக ஒதுக்கியிருக்கிறார்கள். இட நெருக்கடி மிகுந்த தீவில் இது எளிய முடிவன்று.

பிஜி நமக்கு இன்னும் நெருக்கமானது. 1903 முதல் நம் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று கரும்பு நட்ட மண் அது. அங்குச் சரிவு நிலங்களில் கரும்பு விளைந்தபோது மழைக்கு மேல்மண் கரைந்தோடியது. அதைத் தடுக்க 1950-களில் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக வெட்டிவேரை நெருக்கி நட்டார்கள். பக்கவாட்டில் படராமல் செங்குத்தாக இறங்கும் அதன் வேர் நிலத்தைப் பிடித்துக்கொள்ள, தூர் மண்ணைத் தடுத்து நிறுத்த, நாளடைவில் அந்த வரிசையே வரப்பாகிவிடும். நாம் பானைத் தண்ணீரில் போடும் அதே வேர்தான். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரும் தமிழிலிருந்து போனதே.

பேணத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நவ்ரு சான்று. வெறும் 21 சதுர கிலோமீட்டர் நாட்டில் பாஸ்பேட்டுக்காகத் தோண்டியதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலம் பாழாகிவிட்டது. 1989-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அனைத்துலக நீதிமன்றம் சென்று, 1993-இல் இழப்பீட்டு உடன்பாடு பெற்றார்கள். பணம் வந்தது, போன மேல்மண் திரும்பவில்லை.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. என் பாட்டியின் வீடு மீஞ்சூருக்குக் கிழக்கே இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கேணித் தண்ணீரைத்தான் குடித்தோம்; பின்னர் அதில் பருப்பு வேகாமல் போயிற்று, பிறகு வாயில் வைக்கவே முடியவில்லை. கடல் பொங்கி வந்து அதைக் கெடுக்கவில்லை. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயலுக்குமாக அளவின்றி இறைத்ததால், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம். அதற்குச் சில கல் தொலைவிலேயே, மழையே நிரப்பித் தந்த நன்னீரைத்தான் இழந்தோம்.

கரையோரத்தில் கருங்கல் கொட்டுவதும் தூண்டில் வளைவு அமைப்பதும் தேவைதான். திருவொற்றியூரில் வாழ்பவன் அதை மறுக்க மாட்டேன். அதே அக்கறை கொசஸ்தலையாற்றுப் படுகையின் மணலுக்கும், எண்ணூர்க் கழிமுகத்தின் அலையாத்திகளுக்கும், இன்னும் கட்டடம் எழாத மணல்மேடுகளுக்கும் கிடைக்க வேண்டும். தராவாவில் ஒதுக்கியதுபோல, மழை இறங்கும் நிலம் இதுவென இங்கும் எல்லை குறித்து அறிவிக்க முடியுமா என்று நிலத்தடி நீர் வல்லுநர்களிடம் கேட்டு, அவர்கள் விடையைத் தங்கள் இதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை – 19.