பெஞ்சுக்கு விளக்கு வைப்பது பற்றி, வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

தோட்டத்து பெஞ்சு, ஊஞ்சல் என்று எது கேட்டு வந்தாலும் கடைசியில் "அடியில் எல்இடி லைட் வைத்துத் தருவீர்களா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. தருகிறோம். அதற்கு ஏன் கூடுதல் நாள் கேட்கிறோம், ஊஞ்சல் என்றால் ஏன் தலையைச் சொறிகிறோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தவறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டுக்குச் செய்த தேக்கு பெஞ்சில், ஸ்ட்ரிப் லைட்டின் (நாடா போல நீளமாக வரும் எல்இடி விளக்கு) முதுகில் இருக்கும் பசையை நம்பி அப்படியே ஒட்டிக் கொடுத்துவிட்டோம். ஐப்பசி மழைக்குப் பாதி தொங்கிவிட்டது. தேக்கிலேயே எண்ணெய் உண்டு, அதற்கு மேல் நாங்கள் வேறு எண்ணெய் பூசியிருந்தோம். எந்தப் பசை நிற்கும்? தொங்காத பாதியிலும் இணைப்புகள் உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தன. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தோம்.

இப்போது பாலிஷுக்கு முன்பே பலகையின் அடியில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, ஸ்ட்ரிப் உட்காரும் அலுமினிய சேனலைத் திருகாணி போட்டு முடுக்குகிறோம். காடி, சேனலைவிட ஒரு நூல் அகலமாக இருக்கும். அது ஆசாரியின் கணக்குப் பிசகு இல்லை. பருவத்துக்குப் பருவம் மரம் உப்பிச் சுருங்கும்போது சேனலை நெரிக்காமல் இருக்க விட்ட இடம். அலுமினியமும் அழகுக்காக அல்ல. எல்இடி சூட்டில்தான் சீக்கிரம் சாகும், அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

ஸ்ட்ரிப்பில் ஐபி 65, ஐபி 67 என்று போட்டிருப்பார்கள். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண் அது. 65 என்றால் தண்ணீர் பீய்ச்சினால் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முழுகினாலும் தாங்கும். பெஞ்சு எங்கே முழுகப்போகிறது என்பீர்கள். சென்னை மழையை வைத்து அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது! நாங்கள் 67தான் போடுகிறோம். ஆனால் அளவுக்கு வெட்டிவிட்டால் அந்த முனையில் எந்த எண்ணும் செல்லாது. வெட்டிய இடத்தையும் சால்டர் வைத்த இடத்தையும் நியூட்ரல் சிலிகான் (புளித்த வாடை இல்லாத அடைப்புப் பசை) கொண்டு அடைத்து, காயவிட்டு, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே மாட்டுகிறோம். கூடுதல் நாள் போவது இதில்தான். புளித்த வாடை அடிக்கும் சாதா சிலிகானை நீங்களும் இந்த வேலைக்கு வாங்காதீர்கள், செம்பை அரித்துவிடும்.

நிறம் உங்கள் விருப்பம். எங்களைக் கேட்டால் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள்தான். பளீரென்ற வெள்ளையில் தேக்கு வெளிறிப்போகும். மழை விட்ட மாலையில் ஈசலும் அதைத்தான் அதிகம் தேடி வரும்.

கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். நாங்கள் போடும் 5 மீட்டர் ஸ்ட்ரிப்புக்கு 24 வாட். தினம் நான்கு மணி நேரம் எரிந்தாலும் மாதம் மூன்று யூனிட்டைத் தொடாது. 36 வாட் அடாப்டர் கொடுப்போம், முழுத் திறனில் ஓடித் திணறாமல் இருக்கத்தான் அந்தக் கூடுதல். அதைச் சுவரில், மழை படாத சன்ஷேடு அடியில் பெட்டிக்குள் வைக்கிறோம். பெஞ்சுக்கு வருவது வெறும் 12 வோல்ட். ஆனால் அடாப்டருக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தே ஆக வேண்டும். இல்லாத வீட்டில் நாங்கள் இணைப்புக் கொடுப்பதில்லை.

அப்புறம் ஊஞ்சல். சங்கிலியோடு ஒயரை இறக்கினால், ஆட ஆட ஒரே இடத்தில் மடங்கி உள்ளேயே அறுந்துவிடும். எத்தனை பேர் கேட்டாலும் அதைச் செய்ய மாட்டோம். பலகைக்கு அடியில் சின்ன அறை வைத்து, 5 வோல்ட் ஸ்ட்ரிப் ஒரு மீட்டர் போட்டுத் தருகிறோம். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று ஐந்தாறு மணி நேரம் தாங்கும். ஆடி முடித்ததும் அதைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுங்கள்.

ஏற்கெனவே ஆர்டர் கொடுத்திருப்பவர்கள் விளக்கு வேண்டுமென்றால் பாலிஷ் போடுவதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு காடி எடுத்தால் பாலிஷ் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து