வேண்டியது கிடைக்காதவளின் சாட்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவையொட்டித் தங்கள் ஞாயிறு பதிப்பில் எழுதியிருந்த அன்பர் ஒருவர், "கடவுள் நல்லவர்" என்று சாட்சி சொல்பவர்கள் எல்லாரும் வேண்டியது கிடைத்தவர்களே, கிடைக்காதவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எங்கள் செபக் கூட்டங்களில் வேலை கிடைத்ததும் கட்டி கரைந்ததுமே பெரும்பாலும் சாட்சியாகின்றன. கிடைக்காதவர்களில் ஒருத்தியாகிய நான் இப்போது வாய் திறக்கிறேன்.

பக்கவாதத்தால் படுத்த என் கணவருக்கு 11 மாதங்கள் மூக்குக் குழாய் வழியாகவே பால் கொடுத்தோம். அவர் எழுந்து நடக்க வேண்டுமென்று அன்னாள் திருத்தலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டினேன், அவர் நடக்கவில்லை. அந்நாள்களில் எனக்கு மிகவும் கசந்தது, "ஆண்டவர் எவ்வளவு இனியவர் என்று சுவைத்துப் பாருங்கள்" என்னும் விவிலியத்தின் 34ஆம் திருப்பாடல்தான். (சீர்திருத்தச் சபையினர் "ருசித்துப்பாருங்கள்" என்பார்கள், சமையற்கட்டு வாசம் வீசும் அந்தச் சொல்தான் எனக்குப் பிடிக்கும்.) நாக்கில் எதுவும் படாமல் கிடப்பவரின் அருகில் அமர்ந்து இதை எப்படிப் பாடுவது?

பிறகுதான் அப்பாடலின் தலைப்பைக் கவனித்தேன். தாவீது அதை அரியணையில் அமர்ந்து பாடவில்லை. தம்மைக் கொல்லத் தேடிய மன்னர் சவுலுக்கு அஞ்சி ஓடி, அயல்நாட்டு மன்னன் முன் பித்தனாக நடித்து, விரட்டப்பட்டபோது பாடினார். அப்போது அவர் தாடியில் எச்சில் வடிய நின்றதைச் சாமுவேல் முதல் நூலின் 21ஆம் அதிகாரம் கூறுகிறது. கணவரின் கோணிய வாயோரத்தை நாள்தோறும் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு, எச்சில் வடிந்த அந்த வாய்தான் சுவைத்துப் பார்க்கச் சொல்கிறது என்று உறைத்தபோது, கட்டிலருகே யாரோ என்னோடு வந்து அமர்ந்தது போலிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பங்குத்தந்தை வீட்டுக்கு வந்தார். நற்கருணை அப்பத்தை, அதாவது ஆண்டவரின் உடலாக நாங்கள் உட்கொள்ளும் அப்பத்தை, விழுங்க இயலாதவர்களுக்குத் திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை வழங்கத் திருச்சபை இடமளிக்கிறது. அவர் சிறு கரண்டியின் நுனியால் ஒரே ஒரு துளியைக் கணவரின் நாக்கில் வைத்தார். அந்த நாக்கு மெல்ல நகர்ந்து மேலுதட்டைத் தேடியது. பிறகு கணவர் என்னைப் பார்த்தார். குழம்பில் உப்புப் பார்க்கச் சொல்லி உள்ளங்கையில் ஊற்றினால், "சரியாக இருக்கிறது" என்று கண்ணாலேயே சொல்வாரே, அதே பார்வை.

அடுத்த 2 மாதங்களில் அவரை அடக்கம் செய்தோம். நாக்கு அசைந்தது வெறும் அனிச்சைச் செயல் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அவரோடு நான் வாதாடப் போவதில்லை. நான் கேட்டதைத் தராத ஆண்டவர் அன்று அந்த அறையில் எங்கள் இருவரோடும் இருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவரும் நன்றி அறிவிப்புகளுக்கு நடுவே இக்கடிதத்துக்கும் சற்று இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பட்டர்வொர்த், பினாங்கு